பத்திரத்தில் "என்னவென்றால்"-க்கும் "ஆகவே"-க்கும் நடுவில் வருவது வெறும் சடங்கா?

கேள்வி: தாராபுரத்துக்காரி

வணக்கம். கேள்வி சின்னது, பின்கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறந்த ஊர் தாராபுரம் பக்கம். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. அப்பாவுக்கு 76 வயது. தோட்டத்தைத் தம்பி பேருக்கு எழுதி வைத்துவிடுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், போன வாரம் பத்திரம் எழுதுபவரிடம் போய் டிராப்டே வாங்கி வந்துவிட்டார். எனக்கு இதில் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. என் கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் அப்பா செய்தது நிறைய. தம்பிதான் தென்னையையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு சாளையிலேயே (தோட்டத்து வீட்டிலேயே) கிடக்கிறான்.

டிராப்டை எனக்கு வாட்சப்பில் அனுப்பி, "பேரு, இனிஷியல் எல்லாம் ஒருக்கா பாருக்கா" என்றான். வேலையில் நாலு பேர் கையெழுத்துக்கு முன்னால் நான் படிப்பதுதான் வழக்கம் என்பதால் முதல் வரியிலிருந்தே படித்தேன். தேதி, ஊர், அப்பா பேர், தம்பி பேர், "எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரம் என்னவென்றால்" என்று முடிந்து, அப்புறம் இப்படிப் போகிறது: "கீழ்க்கண்ட சொத்துக்கள் எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு நாளது வரை என் சுவாதீன அனுபவத்தில் இருந்து வருவதாலும், தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்..." இப்படி அரைப் பக்கம். "ஆகவே" என்று வந்த பிறகுதான் கொடுக்கிற விஷயமே ஆரம்பிக்கிறது.

இடறுவது அந்தப் "பிதுரார்ஜிதமாய்", அதாவது முன்னோர் வழியாக வந்ததாய் என்கிற சொல். தோட்டம் மொத்தம் 3 ஏக்கர் 40 சென்ட். 2 ஏக்கர் 1971-ல் அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டபோது வந்தது. மீதி 1 ஏக்கர் 40 சென்ட் 1983-ல் அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியது. கிணறு அதில்தான் இருக்கிறது. பத்திரம் எழுதுபவரைப் போனில் கேட்டேன். "அதெல்லாம் சடங்குங்க. எல்லாப் பத்திரத்துக்கும் அதே பாராதான். சொத்து விவரமும் செக்குபந்தியும் சரியா இருக்குதான்னு மட்டும் பாருங்க" என்றார். செக்குபந்தி என்றால் நாலு பக்க எல்லை.

எங்கள் ஆபீசிலும் இதே கதைதான். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஒப்பந்தம் "வேர்ஆஸ், வேர்ஆஸ்" என்று ஐந்தாறு பாராவுடன் வரும். மேனேஜர் நேராக ஷிப்மெண்ட் தேதிக்கும் அபராதத்துக்கும் தாவிவிடுவார். இந்த முன்பாரா எதற்குத்தான் இருக்கிறது? தப்பாக இருந்தால் ஏதாவது ஆகுமா? அரசியலமைப்புக்கு இருக்கிற முகப்புரையும் இந்தச் சாதிதானா?

பதில் 1: சைட் பார்க்கலாம் வாங்க

சகோதரி, 15 வருடமாக இடம் வாங்கி விற்கிறேன். இ.சி. (வில்லங்கச் சான்று) கிளியரா, பட்டா யார் பேரில், அளவு எவ்வளவு, தடம் உண்டா. இவ்வளவுதான். முன்கதையைப் படித்துப் பார்த்து எவரும் இடம் வாங்கி நான் கண்டதில்லை. பத்திரம் எழுதுபவர் சொன்னது சரி. தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் 2: பழைய பேனா

அம்மிணி, மேலே ஒருவர் சொல்லியிருப்பது வாங்குகிற அன்றைக்குச் சரி. கஷ்டம் எல்லாம் விற்கப் போகும்போதோ, கடனுக்குப் போகும்போதோ, எழுதிக்கொடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகோதான் வரும்.

நான் கோபிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் 36 வருடம் பத்திரம் எழுதினவன். இப்போது கண் சரியில்லை, பேரன் டைப் அடித்துக் கொடுக்கிறான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொத்து விவரம் எழுதச் சொல்வார். அடுத்து யாருக்கு யார் என்ன கொடுக்கிறார் என்பது. பத்திரத்தில் முதலில் நிற்கிற முன்பாராவைக் கடைசியில்தான் எழுதுவோம். பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் முன்னுரை எழுதினால் இரண்டும் ஒட்டாது. கம்ப்யூட்டர் வந்த பிறகு போன மாதப் பத்திரத்தைத் திறந்து பேரை மட்டும் மாற்றுகிறார்கள். உங்கள் "பிதுரார்ஜிதம்" வேறு எவர் வீட்டுப் பத்திரத்திலிருந்தோ வந்து உட்கார்ந்த விருந்தாளி.

அந்த அரைப் பக்கம் மூன்று கேள்விக்குப் பதில். நீ யார், இது உனக்கு எப்படி வந்தது, இன்றைக்கு எதற்காக இதைச் செய்கிறாய். உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் அது கோயம்புத்தூர் மாவட்டம். 1983 கிரையப் பத்திரத்தில் பெரியார் மாவட்டம் என்று இருக்கும். அப்புறம் ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். தோட்டம் ஒரு அடி நகரவில்லை. சர்வே நம்பரும் நடுவில் மாறியிருக்கலாம், ஏக்கர் சென்ட் ஹெக்டேர் ஆகியிருக்கும். இந்த எல்லாத் தாளும் ஒரே மண்ணைத்தான் சொல்கிறது என்று முடிச்சுப் போடுகிற இடம் முன்பாரா ஒன்றுதான்.

நானே செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். 1990-களில் அண்ணன் தம்பி இருவருக்குப் பாகப்பிரிவினை எழுதினேன். கிழக்குப்புறத்துக்காரருக்கு இட்டேரியிலிருந்து (வேலிக்கு நடுவில் போகும் பாதையிலிருந்து) உள்ளே போக 12 அடி வண்டித்தடம் விடுவதாகப் பேசி முடிவானது. முன்பாராவில் "12 அடி அகல வண்டித்தடம் விட்டுக்கொள்ள நமக்குள் சம்மதித்தபடியாலும்" என்று எழுதிவிட்டேன். கீழே சொத்து விவரத்தில், கை பழக்கத்தில், "மாமூல் தடபாத்தியம் சகிதம்" என்று மட்டும் போட்டுவிட்டேன். மாமூல் என்றால் எத்தனை அடி? மாட்டு வண்டிக்கு 8 அடி போதும். டிராக்டர் வாங்கினதும் வந்தது வினை. பொழியில் (எல்லை வரப்பில்) இருந்த வேப்பமரம் வெட்டுப்பட்டு, பேச்சு நின்று, கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் முன்பாராவில் தெளிவாக 12 அடி இருக்கிறதே, அதை வைத்துத்தானே "மாமூல்" என்பதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும் என்று வக்கீல்களே ஒத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்து ராஜியானார்கள். மூன்று வருடம் போச்சு. ஒரு சொல்லை இரண்டு இடத்தில் எழுதச் சோம்பல்பட்டவன் நான். அந்த அண்ணன் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

உங்கள் விஷயத்தில் எழுத்து இன்னும் கனமானது. பிதுரார்ஜிதம் என்றால் வழிவழியாக வந்தது, பிள்ளைகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. சுயார்ஜிதம் என்றால் அப்பா சம்பாதித்தது, அவர் யாருக்கும் கொடுக்கலாம். அப்பா தன் வாயால் "இது பிதுரார்ஜிதம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு முழுசையும் தம்பிக்குக் கொடுத்தால், நாளைக்குத் தம்பி பேங்குக்குப் போகும்போது அங்கிருக்கிற வக்கீல் முதல் கேள்வி கேட்பது "அக்கா கையெழுத்து எங்கே?" என்றுதான். தப்பு உங்களுக்குச் சாதகமானது அம்மிணி. அதை நீங்களே கண்டுபிடித்துச் சொல்கிறீர்கள், நல்லது.

அப்புறம், 1971-ல் பிரித்தது ரிஜிஸ்டர் பத்திரமா, கூர்ச்சீட்டா (குடும்பத்துக்குள் பாகம் எழுதிக்கொண்ட தாளா)? கூர்ச்சீட்டு என்றால் அதில் வினைச்சொல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். "முன்னமே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அனுபவித்து வருகிறோம்" என்றால் அது ஞாபகத்துக்கு எழுதி வைத்த குறிப்பு. "இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்றால் அந்தத் தாளே பாகம் பிரிக்கிறது, ரிஜிஸ்டர் ஆகியிருக்க வேண்டும். "கொண்டோம்", "கொள்கிறோம்". இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்கு எங்கள் குரு எங்களை முட்டியில் தட்டுவார். 30 வருடம் ஆகிவிட்டால் பத்திரமே சாட்சி என்பார்கள். அதனால் பழைய தாளை எல்லாம் தேடி எடுங்கள்.

பதில் 3: ஈரோட்டுக் கருப்புக் கோட்டு

ஐயா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு திருத்தம், சில சேர்க்கைகள்.

திருத்தம் முதலில். 30 வருடம் ஆன, முறையான இடத்திலிருந்து வருகிற ஆவணத்துக்குச் சட்டம் ஓர் அனுமானம் தருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 90-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம். ஆனால் அனுமானிப்பது கையெழுத்து இன்னாருடையது, முறையாக எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதை மட்டும். உள்ளே எழுதியிருக்கும் கதை உண்மை என்று அல்ல. இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஐயாவின் வண்டித்தடம் கதைக்கு 1886-ல் இங்கிலாந்தில் டாஸ் வழக்கில் எஷர் பிரபு சொன்ன விதி அப்படியே பொருந்தும். நம் நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டப்படுவது. முன்பாரா தெளிவு, செயல்படும் பகுதி ("ஆகவே"-க்குப் பின்னால் வருவது) குழப்பம் என்றால் முன்பாராவை வைத்துப் பொருள் கொள். முன்பாரா குழப்பம், செயல்படும் பகுதி தெளிவு என்றால் பின்னதே நிற்கும். இரண்டும் தெளிவு, ஆனால் ஒன்றுக்கொன்று முரண் என்றாலும் பின்னதே நிற்கும். அக்கா, உங்கள் மேனேஜர் நேராக ஷிப்மெண்ட் தேதிக்குப் போவதில் பாதி நியாயம் உண்டு. தேதி தெளிவாக இருக்கிற வரைக்கும்.

அடுத்து, முன்பாராவில் சொன்னதை எழுதியவரும் அவர் வழி உரிமை கேட்பவரும் பின்னால் மறுக்க முயன்றால் முரண்தடை, அதாவது சொன்னதை மாற்றிச் சொல்லக் கூடாது, என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். கையெழுத்துப் போடாத மூன்றாம் ஆளை அது கட்டாது. அப்பா எழுதினார் என்பதற்காக மட்டும் 1983 நிலம் பிதுரார்ஜிதம் ஆகிவிடாது, பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். ஆனால் தன் சொத்தைக் குடும்பப் பொதுச்சொத்தோடு சேர்த்துவிட்டார் என்று வாதாட அந்த ஒரு சொல் கைப்பிடி ஆகும். அந்தக் கைப்பிடியை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

1971-ல் வந்த 2 ஏக்கர் வேறு கதை. உங்கள் அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) அது வழிவழியாக வந்திருந்தால் உங்களுக்கும் பிறப்பால் பங்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு அப்போதே கொடுத்தார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 செப்டம்பர் 9 மத்தியத் திருத்தத்தில் கல்யாணக் கணக்கே போய்விட்டது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பால் வரும் உரிமை என்று உறுதி செய்தது. அந்த 2 ஏக்கரைத் தான செட்டில்மெண்ட்டில் சேர்க்காமல், நீங்களும் கையெழுத்துப் போடும் பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ தனியாக எழுதுவது தம்பிக்குத்தான் பாதுகாப்பு. அப்பாரு சொந்தமாக வாங்கியதாக இருந்தால் கணக்கு மாறும். தகப்பன் சுயார்ஜிதத்தை மகனுக்குக் கொடுத்தால் என்ன எண்ணத்தில் கொடுத்தார் என்பதை ஆவணத்தின் வாசகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று 1953-லேயே அருணாசல முதலியார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஐயா தேடச் சொன்ன கூர்ச்சீட்டு அதற்கும் வேண்டும்.

இன்னொன்று. "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அப்பாவைக் கடைசி வரை தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சென்றால் "ஆகவே"-க்குப் பின்னால் நிபந்தனையாக எழுதுங்கள். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். தம்பி நல்லவர் என்பது தெரிகிறது. பத்திரம் எழுதுவது தம்பியின் நல்ல நாளுக்காக மட்டும் அல்ல.

அரசியலமைப்பு முகப்புரை கேட்டீர்கள். ஐயாவின் குரு சொன்ன முறையில்தான் அதையும் முடித்தார்கள். 1946 டிசம்பர் 13-ல் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானம் அதற்கு விதை. ஆனால் முகப்புரையை அரசியல் நிர்ணய சபை விவாதத்துக்கு எடுத்தது 1949 அக்டோபர் 17-ல், உறுப்புகளை, அதாவது சட்டப் பிரிவுகளை, எல்லாம் பார்த்து வந்த பிறகு, பின்னால் உள்ளதோடு ஒட்ட வேண்டும் என்பதற்காக. நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் உறுப்பினராக இருந்த சபைதான். அன்றைக்கு எச்.வி. காமத் "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. நம் பத்திரத்தின் தலையில் போடுகிற பிள்ளையார் சுழி அங்கே 27 வாக்கில் தோற்றது. 1960-ல் பெருபாரி வழக்கில் முகப்புரை அரசியலமைப்பின் பகுதி அல்ல என்றார்கள். 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் பகுதிதான் என்றார்கள். 1976-ல் அதில் சமதர்மம், மதச்சார்பின்மை எல்லாம் சேர்ந்தது. அதிகாரம் எதையும் அது தானாகத் தராது, மங்கலான இடத்தில் விளக்குப் பிடிக்கும். சாதி ஒன்றுதான், வீடுதான் பெரிது.

தாளைப் பார்க்காமல் எழுதியது இது. அசலை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

தாராபுரத்துக்காரி

இரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். 1983 பத்திரம் கிடைத்தது. கூர்ச்சீட்டு பெரியப்பா வீட்டில் இருக்கிறதாம், அண்ணன் தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.

1983 பத்திரத்தில் விற்றவருடைய முன்பாராவைப் படித்து நானும் தம்பியும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். "என் குமாரத்தியின் கல்யாணச் செலவுக்காகவும், கூட்டுறவுச் சங்கக் கடன் தீர்க்கவும், குடும்ப அவசியத்தை முன்னிட்டு, எனக்காகவும் என் மைனர் குமாரர்களுக்காகவும்" என்று இருக்கிறது. எங்கள் பத்திரத்தில் அவர் வீட்டுக் கஷ்டம் எதற்கு?

பழைய பேனா

அது அவருக்காக எழுதினது இல்லை, உங்கள் அப்பாவுக்காக எழுதினது அம்மிணி. மைனர் பையன்களுக்குப் பங்குள்ள குடும்பச் சொத்தைத் தகப்பன் சும்மா விற்க முடியாது, அவசியம் இருக்க வேண்டும். நாளைக்குப் பையன்கள் பெரியவர்களாகி "எங்கள் பங்கை ஏன் விற்றார்" என்று வந்தால் உங்கள் அப்பா காட்ட வேண்டிய வரி அது. நல்ல கை எழுதியிருக்கிறது.

ஈரோட்டுக் கருப்புக் கோட்டு

ஆமாம். அந்த வரி இருப்பதாலேயே அவசியம் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் காலம் ஓடி, விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் இறந்துபோன பிறகு, சூழ்நிலைக்குப் பொருந்துகிற பழைய வாசகத்துக்குக் கனம் கூடும் என்று 1916-ல் பிரிவி கவுன்சில் (அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படி) பங்கா சந்திரா வழக்கில் சொன்னது.

தாராபுரத்துக்காரி

சரி. அந்தக் கல்யாணப் பெண் இப்போது வெள்ளகோவிலில் பேரன் பேத்தி எடுத்துவிட்டார், நோம்பிக்கு (பண்டிகைக்கு) இன்னும் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் கல்யாணத்தில்தான் எங்கள் கிணறு வந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

புது டிராப்ட் வந்துவிட்டது. 1 ஏக்கர் 40 சென்டுக்கு மட்டும் செட்டில்மெண்ட், சுயார்ஜிதம் என்று, 1983 பத்திர எண்ணோடு. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நிபந்தனை "ஆகவே"-க்குப் பின்னால். தம்பியே அதைச் சேர்க்கச் சொன்னான். 2 ஏக்கர் கூர்ச்சீட்டு கிடைத்த பிறகு தனியாக.

ஒரே ஒரு சிக்கல். வாங்கின பணம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இரண்டு ஜோடி காங்கேயம் காளை விற்ற பணமாம். அதைப் பத்திரத்தில் போட்டே ஆக வேண்டும் என்கிறார். பத்திரம் எழுதுபவர், "மாட்டை எல்லாம் யாருங்க பத்திரத்துல போடுவாங்க" என்று சிரிக்கிறார். போடலாமா, கூடாதா?

பழைய பேனா

தாராளமாகப் போடலாம். அந்தக் காளைகளும் அவர் சொந்தப் பாட்டில் வாங்கி வளர்த்ததுதானா, இல்லை அப்பாரு பட்டியில் பிறந்ததா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.